பாலிஃபெஸ்டில் சமோவா மேடை ஏறப்போகும் பிள்ளைக்கு: அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் வேலைகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிவந்த முதல் ஆண்டு மார்ச்சில், பள்ளிவிட்டு வந்த மகள் பையைக்கூட இறக்காமல், "எல்லாரும் சமோவா குழுவில் ஆடுறாங்க, நான் மட்டும் இல்ல" என்று அழுதாள். சேர்த்துவிடலாம் என்று மறுநாள் பள்ளிக்குப் போனால், பாலிஃபெஸ்ட் என்ற பள்ளி நடனப் போட்டிக்கான குழு முடிவாகி ஒரு மாதம் ஆகிவிட்டது என்றார்கள். அடுத்த ஆண்டு சேர்ந்தாள். ஆனால் செய்யக்கூடிய தப்பு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் நாங்கள் செய்தோம். இப்போது தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு தடவை போனில் கேட்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சமோவா ஒரு பசிஃபிக் தீவு நாடு, அந்த நாட்டுப் பிள்ளைகள்தான் ஆட வேண்டும் என்று நினைத்துத் தயங்காதீர்கள். பல பள்ளிகளில் குழுவில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒழுங்காக வந்து, சொன்னதைக் கேட்டு, மரியாதையாக நடந்துகொண்டால் போதும்.

1. எந்த விழா என்பதில் குழம்பாதீர்கள்

பெரும்பாலும் மார்ச்சில் ஆக்லாந்தில் இரண்டு பெரிய விழாக்கள் வரும். வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் பூங்காவில் நடக்கும் பசிஃபிகா விழா ஊருக்கெல்லாம் பொது. பாலிஃபெஸ்ட் என்பது உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் போட்டி. புதன் தொடங்கி சனி வரை நான்கு நாள், தெற்கு ஆக்லாந்தில் மனுகாவ் ஸ்போர்ட்ஸ் பௌல் மைதானத்தில் நடக்கும். மாவோரி, குக் தீவுகள், நியுவே, சமோவா, தோங்கா என்று தனித்தனி மேடைகள். மற்ற எல்லா நாட்டுக் கலைகளுக்கும் சேர்த்து டைவர்சிட்டி மேடை. நம்மூர் நடனம் ஆடும் குழுக்கள் அந்தக் கடைசி மேடையில் வரும். பிள்ளை இரண்டு குழுவிலும் சேர ஆசைப்பட்டால் பயிற்சி நேரங்களை முதலில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் இடிக்கும்.

என் கணவர் பசிஃபிகா விழாவுக்கு அலுவலகத்தில் லீவு சொல்லிவைத்துவிட்டு, பாலிஃபெஸ்ட் வாரம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் நடக்கும்.

2. அக்டோபரிலேயே கேளுங்கள், சரியான ஆளைக் கேளுங்கள்

இங்கே பள்ளி ஆண்டு ஜனவரிக் கடைசி, பிப்ரவரித் தொடக்கத்தில் தொடங்குகிறது. விழா பெரும்பாலும் மார்ச்சில். நடுவில் இருப்பது ஆறேழு வாரம்தான், அதனால் நிறையப் பள்ளிகள் முந்தைய ஆண்டின் நான்காம் பருவத்திலேயே, அதாவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள், பெயர் எடுத்துவிடும். சில பள்ளிகளில் ஜனவரி விடுமுறையிலேயே பயிற்சியும் தொடங்கிவிடும்.

வரவேற்பறையில் கேட்டால் "நோட்டீஸ் வரும்" என்பார்கள். நாங்கள் அந்த நோட்டீஸுக்குக் காத்திருந்துதான் முதல் ஆண்டைக் கோட்டைவிட்டோம். கேட்க வேண்டியது குழுவின் பொறுப்பாசிரியரை. பள்ளியில் சமோவா மொழி வகுப்பு இருந்தால் அந்த ஆசிரியராக இருக்கும், இல்லாவிட்டால் பசிஃபிக் மாணவர் பொறுப்பாளராக இருக்கும். மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது? பயிற்சி எந்த எந்தக் கிழமை? பெற்றோர் வாட்ஸ்அப் அல்லது ஃபேஸ்புக் குழுவில் என்னைச் சேர்ப்பீர்களா? இந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். இடம் மாறியது, நேரம் மாறியது எல்லாம் அதில்தான் வரும், பள்ளிச் செயலியில் வருவதற்குள் பயிற்சியே முடிந்திருக்கும்.

பெண்கள் பள்ளியும் ஆண்கள் பள்ளியும் சேர்ந்து ஒரே குழுவாக ஆடுவதும் உண்டு. அப்படியானால் பாதிப் பயிற்சி இன்னொரு பள்ளியில் நடக்கும். யார் கூட்டிப்போவது, யார் திரும்ப அழைத்து வருவது என்பதை அன்றே பேசிவிடுங்கள்.

3. ஊருக்கு டிக்கெட் போடும் முன் ஒரு நிமிஷம்

நம் குடும்பங்கள் சறுக்குவது அதிகமும் இந்த இடத்தில்தான். டிசம்பரில் ஊருக்குப் போய், பொங்கல் முடித்து, ஒரு கல்யாணத்தையும் பார்த்துவிட்டு பிப்ரவரி நடுவில் திரும்புவது நமக்கு வழக்கம். அதற்குள் இங்கே பாட்டு, வரிசை, நிற்கும் இடம் எல்லாம் முடிவாகியிருக்கும். இரண்டு வாரம் பிந்தி வருகிற பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருடைய கையும் தப்பும், அதனால் "இந்த ஆண்டு வேண்டாமே" என்று நல்லபடியாகவே சொல்லி அனுப்புவார்கள். அந்த ஒரு ஆண்டு மட்டும் ஜனவரிக் கடைசிக்குள் திரும்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள், அல்லது ஊர்ப் பயணத்தை ஜூலை விடுமுறைக்குத் தள்ளுங்கள்.

4. காகிதங்கள்

பிள்ளைக்கு வேண்டியவை:

- பெற்றோர் சம்மதப் படிவம். இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான் நிரப்ப வேண்டும்.
- உடல்நலப் படிவம். ஆஸ்துமா, ஒவ்வாமை, எடுக்கும் மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். இன்ஹேலர் இருந்தால் பெயர் ஒட்டிக் கொடுங்கள்.
- பயிற்சி முகாமுக்குத் தனிச் சம்மதம். ஒரு வார இறுதி முழுக்கப் பள்ளியிலேயே தங்கி ஆடுவார்கள். விழாவுக்குக் கையெழுத்துப் போட்டதே முகாமுக்கும் போதும் என்று நான் நினைத்தேன். போதாது.
- படம், காணொளி எடுக்கச் சம்மதம். நிகழ்ச்சிகள் நேரலையில் போகும், பிள்ளை முகம் கட்டாயம் தெரியும். அதில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் முதல் வாரமே சொல்லுங்கள், கடைசி வாரம் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.
- அவசரத் தொடர்புக்கு இரண்டு எண்கள். ஊரில் இருக்கும் தாத்தாவின் எண் உதவாது.

உங்களுக்கு: முகாமில் இரவு தங்கி உதவப்போகிறீர்கள் என்றால் பொதுவாகக் காவல்துறைச் சரிபார்ப்பு கேட்பார்கள். நீங்கள் காவல் நிலையம் போக வேண்டியதில்லை. பள்ளி தரும் படிவத்தை நிரப்பி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போல இரண்டு அடையாளச் சான்று காட்டினால் பள்ளியே அனுப்பும். பதில் வரச் சில வாரம் ஆகும் என்பதால் பிப்ரவரி முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்.

நம் பெயர்தான் இதில் தகராறு. பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது, உரிமத்திலோ கணவர் பெயர். அதோடு என் பெயருக்கே ஒன்றில் ஒரு எழுத்து கூடுதல். படிவம் திரும்பி வந்து, திருத்தி, மறுபடி அனுப்பி, பதில் வருவதற்குள் முகாம் முடிந்தே போனது. 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். திருமணத்துக்கு முந்தைய பெயர், இனிஷியலோடு எழுதும் பெயர், வேறு எழுத்துக்கூட்டல் என்று எல்லாவற்றையும் அதில் எழுதித் தள்ளுங்கள்.

5. பணம்

பள்ளிக்குப் பள்ளி மாறும், எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். உடைப் பங்கு 80 டாலர், குழு டி-ஷர்ட் 35, முகாம் சாப்பாட்டுக்கு 40. இதுவரை 155. அப்புறம் ராஃபிள் சீட்டுப் புத்தகம், விற்கச் சொல்லிக் கொடுத்த சாக்லேட் பெட்டி, குடும்பத்துக்கு நுழைவுச்சீட்டு, வாரம் நாலு நாள் போய்வந்த பெட்ரோல் எல்லாம் சேர்த்து 300-ஐத் தாண்டியது. அரங்கேற்றச் செலவு பார்த்தவர்களுக்கு இது காசே இல்லை. ஆனால் புதிதாக வந்து ஒற்றைச் சம்பளத்தில் ஓடுகிற வீட்டுக்கு இது ஒரு வார மளிகைக்கும் மேல். தவணையில் கட்டலாமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை, நிறையப் பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

சாக்லேட் பெட்டி விஷயத்தில் மட்டும் உஷார். விற்காததற்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். வீட்டில் வைத்தால் விற்காது, பிள்ளைகள் வயிற்றுக்குள் போகும். பெட்டியைக் கணவரின் அலுவலகத்துக்கு அனுப்பினேன், மூன்றே நாளில் காலி.

6. பயிற்சி எப்படி இருக்கும்

தொடக்கத்தில் வாரம் இரண்டு நாள், பள்ளி முடிந்ததும் இரண்டு மணி நேரம். பிப்ரவரி நடுவில் நாலு நாளாகும், சனிக்கிழமை முழு நாள். ஞாயிறு தேவாலயத்துக்கும் குடும்பத்துக்கும் என்பதால் எங்கள் குழுவில் அன்று பயிற்சி வைக்கவில்லை.

தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஜெபம் உண்டு. "நாம சாமி கும்பிடுறவங்க, பிள்ளை என்ன செய்யும்" என்று சில அம்மாக்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார்கள். தலை குனிந்து அமைதியாக நின்றால் போதும். என் மகளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் கடந்துபோக நேர்ந்தால் உடம்பைக் குனிந்து "துலோ" என்று சொல்லிப் போக வேண்டும். நம் வீட்டில் பெரியவர்கள் முன்னால் போகும்போது குனிந்து போவோமே, அதேதான். கால் நீட்டி உட்காரக் கூடாது, சம்மணம் போட வேண்டும், மடிமேல் லாவாலாவா என்ற இடுப்புத் துணியைப் போட்டுக்கொள்வது நல்லது. இதிலெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

உச்சரிப்பு ஒன்று சொல்லித்தர வேண்டும். சமோவா எழுத்தில் 'ஜி' (g) என்று இருந்தால் அது நம் ங. பள்ளியில் எழுதிப் பழகியதோடு மறந்துபோன ங, ஙா வரிசைக்கு இங்கேதான் வேலை வந்தது. 'தௌஅலுஙா' என்ற நடனப் பெயரை என் மகள் முதல் நாளே சரியாகச் சொன்னதும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அம்மையார் திரும்பிப் பார்த்தாராம். அதே போல் எழுத்தில் 'த' இருக்கும், பேச்சில் 'க' ஆகிவிடும். பிள்ளை இரண்டு விதமாகச் சொன்னால் தப்பாகக் கேட்டுவிட்டாள் என்று திருத்தாதீர்கள். நடனத்துக்கு சமோவா மொழியில் 'சிவா' என்று பெயர். தற்செயல்தான். குடும்ப வாட்ஸ்அப்பில் இதைப் போட்டீர்கள் என்றால் சித்தப்பா ஒருவர் நடராஜர் படத்தோடு ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்புவார், நான் அனுபவித்தேன்.

மூத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு லாபம்: சில பள்ளிகள் இந்த ஆட்டத்தை என்.சி.இ.ஏ. என்ற உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் மதிப்பீட்டுக்கும் எடுத்துக்கொள்கின்றன. எந்தப் பாடத்தில், எத்தனை கிரெடிட், தனியாகப் பெயர் கொடுக்க வேண்டுமா என்று பிப்ரவரியிலேயே கேளுங்கள். ஆடி முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

7. என்ன ஆடுகிறார்கள் என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்

மேடைக்குள் வரும் உலுஃபாலே, வெளியேறும் உலுஃபாஃபோ, இரண்டுக்கும் நடுவே நாலைந்து உருப்படி. சாசா என்பது பெரும்பாலும் உட்கார்ந்தபடி, பாதே என்ற மரக்கட்டைத் தாளத்துக்குக் கைகளைத் தட்டித் திருப்பி வெட்டுவது. அறுபது எழுபது பேர் கை ஒரே நொடியில் திரும்ப வேண்டும், ஒரு கை பிந்தினாலும் கடைசி வரிசை வரை கண்ணில் படும். மாஉலுஉலு பாட்டின் பொருளைக் கையசைவில் சொல்வது. ஃபாஅதௌபாதி பையன்கள் உடம்பில் அறைந்து அறைந்து ஆடுவது. அந்த வாரங்களில் மகன் நெஞ்சும் தொடையும் சிவந்து வந்தால் யாரோ அடித்துவிட்டார்கள் என்று பள்ளிக்குப் போன் போடாதீர்கள். முடிவில் வருவது தௌஅலுஙா, தலைமைப் பெண் நிதானமாக ஆட, சுற்றி இருப்பவர்கள் கூத்தடித்து அவளை உயர்த்திக் காட்டுவார்கள்.

குழுவை நடத்துபவர் ஃபுஅதைமி. நட்டுவனார் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இவர் ஓரத்தில் உட்கார மாட்டார், முன்னால் நின்று குதித்துக் குதித்து நடத்துவார்.

நம் பெற்றோருக்கே உரிய ஒரு பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்: "என் பொண்ணு பரதம் கத்துக்கிட்டவ, முன் வரிசையில் நிறுத்துங்க." தலைமைப் பெண், ஃபுஅதைமி, தலையில் வைக்கும் துயிஙா மகுடம், இதெல்லாம் அந்தச் சமூகத்தில் குடும்பமும் தகுதியும் சேர்ந்து வருகிற பொறுப்பு. அவர்களாகக் கூப்பிட்டால் அது வேறு. நாமாகக் கேட்கக் கூடாது.

8. உடை, எண்ணெய், மருதாணி

உடையைப் பெரும்பாலும் பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து செய்வார்கள். இணையத்தில் பார்த்து நீங்களாக எதையும் வாங்காதீர்கள், நிறம் ஒத்துப்போகாது. வாங்கி வைக்க வேண்டியது கறுப்பு ஷார்ட்ஸ், கொண்டை ஊசி ஒரு பெட்டி, பழைய துண்டு இரண்டு. துண்டு எதற்கு என்றால், ஆடும் முன் உடம்பு முழுக்கத் தேங்காய் எண்ணெய் பூசுவார்கள், மேடையில் மினுமினுவென்று இருக்கும், அந்த மினுமினுப்போடு பிள்ளை வந்து உங்கள் கார் சீட்டில் உட்காரும். எங்கள் காரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. நீளமாகப் பரப்பி இரண்டு துண்டு போடுங்கள், முதுகுக்கும் சேர்த்து.

நகை, கொலுசு, மூக்குத்தி, நகப்பூச்சு எதுவும் கூடாது. மருதாணியும்தான். விழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு வளைகாப்புக்குப் போய் இரண்டு கையிலும் வைத்துவிட்டு வந்தாள் என் மகள். கையாலேயே ஆடுகிற சாசாவில் அது பளிச்சென்று தெரியும் என்று ஆசிரியர் முகம் சுருங்கியது. எலுமிச்சை, பேக்கிங் சோடா என்று தேய்த்துத் தேய்த்துத் தோல்தான் எரிந்தது. கடைசியில் பின் வரிசைக்கு மாற்றினார்கள்.

கால்களில் மலு பச்சைக்குத்து மாதிரி மையால் வரைந்துகொள்ளப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். வேண்டாம். அது அவர்கள் பெண்கள் வலி பொறுத்து வாங்கும் பேறு, அலங்காரம் இல்லை.

9. சாப்பாடு

சைவம் என்றால் உடல்நலப் படிவத்திலும் எழுதுங்கள், முகாம் சமையல் பார்க்கும் பெற்றோரிடமும் நேரில் சொல்லுங்கள். கறி போட்ட சாப்பசுயி நூடுல்ஸ் பெரிய தட்டில் வரும். பானிகேகே கேட்டால் கிடைக்கும், நம் சுழியத்தின் உள்ளே பூரணம் இல்லாத தம்பி என்று சொல்லலாம். பலுசாமி என்பது சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்தது, கீரைக்கூட்டை விரும்பும் யாருக்கும் பிடிக்கும். ஆனால் அதற்குள்ளே சில சமயம் பிசுபோ, அதாவது டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, வைத்திருப்பார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. "பிசுபோ இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை நீட்டுங்கள்.

நான் ஒரு சனிக்கிழமை எழுபது பேருக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் செய்துகொண்டு போனேன். பாத்திரம் கழுவின மாதிரி திரும்பி வந்தது. உதவ விரும்பினால் பணத்தைவிட இது நல்ல வழி.

10. விழாவுக்கு முந்தைய ஃபியாஃபியா

சில பள்ளிகளில் விழாவுக்குச் சில நாள் முன் குடும்பங்களுக்காக ஆடிக்காட்டும் ஃபியாஃபியா இரவு இருக்கும். தௌஅலுஙா நடக்கும்போது சொந்தக்காரர்கள் எழுந்துபோய் ஆடுகிறவர் மேலோ காலடியிலோ பணம் வைப்பார்கள். மொய் மாதிரிதான், பெயர் எழுதும் நோட்டு மட்டும் இல்லை. அந்தப் பணம் குழுவுக்குப் போனது எங்கள் பள்ளியில். ஐந்து, பத்து டாலர் நோட்டுகள் கையில் வைத்திருங்கள், நான் கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பேந்தப் பேந்த விழித்தேன்.

11. விழா நாள்

நுழைவுச்சீட்டை உங்கள் பள்ளி ஆடும் நாள், நேரம் உறுதியான பிறகு வாங்குங்கள். கூட்டமே சனிக்கிழமைதானே என்று நான் முன்கூட்டியே சனிக்கு வாங்கினேன், எங்கள் குழுவுக்கு வந்ததோ வெள்ளி. ஆடும் பிள்ளைகளைப் பள்ளி அழைத்துப்போகும், நீங்கள் உங்களுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை என்றால் உங்களுக்கும் லீவு வேண்டும். மேலதிகாரியிடம் மூன்று வாரம் முன்பே சொல்லிவையுங்கள்.

காரில் போனால் நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போய்விடும். ரயிலில் மனுகாவ் நிலையம் வந்து, அங்கிருந்து பேருந்து பிடிப்பது நிம்மதி. தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர், தாழ்வான மடக்கு நாற்காலி அல்லது பாய். மார்ச் வெயில் பார்க்க இதமாகத்தான் இருக்கும், தோலை உரித்துவிடும். குடை விரித்தால் பின்னால் இருப்பவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், ஒரு மழைக்கோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட்டும் மதுவும் வளாகத்துக்குள் கிடையாது.

உங்கள் குழுவுக்கு முன் ஆடும் குழு மேடையேறும்போதே மேடைப் பக்கம் போய்விடுங்கள். பெயர்போன பள்ளிகள் வரும்போது சமோவா மேடை முன்னால் கால் வைக்க இடம் இருக்காது. "சீ-ஹூ" என்று நாலா பக்கமும் கத்துவார்கள், நீங்களும் தாராளமாகக் கத்தலாம். நான் முதலில் பக்கத்தில் இருந்த பாட்டியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் கத்தினேன், அவர் என் முதுகில் ஒன்று போட்டு இன்னும் உரக்க என்றார்.

ஆடி முடித்ததும் பிள்ளை உங்களிடம் ஓடி வராது. உடை மாற்றி, ஜெபம் முடித்து, ஆசிரியர் பெயர் பார்த்து அனுப்பிய பிறகுதான். கூட்டத்தில் போன் சிக்னல் போய்விடும், சந்திக்கும் இடத்தைக் காலையிலேயே பேசிவையுங்கள்.

12. அடுத்த இரண்டு வாரம்

கடனாகக் கொடுத்த லாவாலாவாவையும் உடையையும் துவைத்துத் திருப்ப ஒரு தேதி சொல்வார்கள், தவறினால் மாற்று உடைக்கு உங்களிடம் பணம் கேட்பார்கள். எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை நேராக ஊற்றி, அரை மணி ஊறவிட்டு, அப்புறம் வெந்நீரில் போடுங்கள். இலை, ஓலை, மரப்பட்டைத் துணி எதையும் தண்ணீரில் நனைத்துவிடாதீர்கள், அதை அப்படியே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் போதும். ஆசிரியருக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் பிள்ளையையே நேரில் அனுப்பி "ஃபாஅஃபெதாய்" சொல்லச் சொல்லுங்கள். அப்படியே அடுத்த ஆண்டுக்குப் பெயர் எப்போது எடுப்பீர்கள் என்றும் கேட்டு வரட்டும்.